உள்ளே தங்கிவிட்ட கயிறு

புதுச் சக்கரவர்த்தி அரியணை ஏறும் நாள். அரண்மனைப் பின்கட்டில் சுமியேவுக்குக் காலையிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரசவைப் பெண்களுக்கு அந்தப் பழங்காலப் பட்டு அடுக்குகளை உடுத்திவிடுவது இரண்டு பேர் வேலை. முதுகுப்பக்கம் நிற்பவள் அண்ணி தோவாகோ. முன்னால் மண்டியிடுபவள் சுமியே. “என் நாத்தனார் கை சுத்தம்” என்று மேலிடத்தில் சொல்லிச் சேர்த்துவிட்டதே அண்ணிதான். அந்தப் பேர் கெடக்கூடாதே என்பதுதான் சுமியேவின் கவலையெல்லாம்.

“மூஞ்சிய ஏன்டி அப்படி வச்சிருக்கே? அரியணை ஏறப்போறது நீயா?”

“சும்மா இருங்க அண்ணி, காலையிலேருந்து ஒரு வாய் சோறு இறங்கல.”

ஒவ்வோர் அடுக்கையும் ஒரு கயிற்றால் கட்ட வேண்டும். அடுத்ததை மேலே போட்டுக் கட்டியதும் உள்கயிற்றை உருவிவிட வேண்டும். முடிவில் அத்தனை அடுக்கையும் தாங்குவது ஒரே கயிறுதான். உடுத்தும்போது பேச்சு கூடாது. தன் மூச்சு அந்தப் பெண்கள் முகத்தில் படவும் கூடாது.

மிசாவோ என்ற பெண்ணுக்கு உடுத்தி முடிந்தது. அண்ணி விசிறி எடுக்கப் போனாள். சுமியே தன் கையைப் பார்த்தாள். உருவிய கயிறு அதில் இல்லை. உள்ளேயே விட்டுவிட்டாள்! பாவி, இன்றைக்குத்தானா மறக்க வேண்டும்? வெளியே அழைப்பும் வந்துவிட்டது.

“அம்மா, மன்னிச்சுக்கோங்க. ஒரு கயிறு உள்ளயே நின்னுபோச்சு. அவுத்துத்தான்...”

“அதத் தொடாதீங்க,” என்றாள் மிசாவோ மெதுவாக. “விடிஞ்சதுலேருந்து ஒரே நடுக்கம். அது இறுக்கிப் பிடிச்சப்புறம்தான் நேரா நிக்கவே முடியுது.”

தூரத்தில் “பன்சாய்” என்று வாழ்த்தொலி எழுந்தபோது எல்லோரும் பூரித்துப்போனார்கள். சுமியே மட்டும் அந்தப் பெண் தடுமாறிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

மிசாவோ நல்லபடியாகத் திரும்பி வந்தாள். மேல்கயிற்றை அவிழ்த்தால் பட்டு மொத்தமும் ஒன்றாகச் சரிய வேண்டும். இன்றைக்குப் பாதி அப்படியே நின்றது. அண்ணியின் கை உள்ளே போய் அந்தக் கயிற்றோடு வெளியே வந்தது. மிசாவோ இருவரையும் வணங்கிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

“மறந்துட்டேன் அண்ணி. அதுதான் நடுக்கத்த நிறுத்துது, தொடாதீங்கன்னுட்டாங்க அவங்க. உங்க பேரக் கெடுத்துட்டேன்.” சுமியேவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

எப்போதும் பின்னாலேயே நிற்கிற அண்ணி முன்னால் வந்து மண்டியிட்டாள். அதே கயிற்றைச் சுமியேவின் இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

“உனக்கும்தான் நடுங்குது. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இத அவுக்காதே.”