பலகையை இடித்த நாய்

விபத்து இல்லாத நாட்கள்: 412. கேட்டுக்கு உள்ளே நின்ற பலகை அப்படித்தான் சொன்னது. எங்கள் வண்டி போய் இடித்தது அந்தப் பலகையைத்தான்.

கொக்கியில் மாட்டியிருந்த தகர எண்களில் 4 மட்டும் கழன்று விழுந்தது. பலகையில் மிச்சம் 12. செக்யூரிட்டி தீர்த்தகிரி அண்ணன் ஓடிவந்தார். முதலில் அந்த 4-ஐ எடுத்துத் துடைத்து மாட்டினார். அப்புறம்தான் கார் கதவைத் திறந்தார்.

"அடி ஒண்ணும் படலைங்களே சார்?"

"நாய்," என்றார் பிரேம்குமார் சார். "திடீர்னு ஒரு நாய் குறுக்க பாஞ்சிருச்சு."

நாய் எதுவும் பாயவில்லை. நான் பக்கத்து இருக்கையில்தான் இருந்தேன்.

ஓசூரில் நாங்கள் கார்களுக்குத் தொடுதிரை செய்கிறோம். ஓட்டுகிறவர் திரையைத் தொடும்போது அவர் கண் எவ்வளவு நேரம் சாலையை விட்டு விலகுகிறது என்று கணக்கெடுப்பது என் வேலை. ஒரு பார்வைக்கு இரண்டு விநாடி வரை பரவாயில்லை என்பது எங்கள் அளவு. ஓட்டுகிறவரிடம் நான் பேசக்கூடாது. பேசினால் கணக்கு கெட்டுவிடும். பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர்கள் நிறையப் பேர் வந்த நேர்காணலில், எல்லாக் கேள்விக்கும் தலையை மட்டும் ஆட்டியவள் நான்தான். பிரேம்குமார் சாருக்கு அப்போதே என்னைப் பிடித்துவிட்டது.

அவர்தான் அந்தத் திரையை வடிவமைத்தவர். டாஷ்போர்டில் இருந்த பொத்தான்களை எல்லாம் எடுத்துவிட்டார். பொத்தான் என்றாலே அவருக்கு ஆகாது. சட்டைகூட டி-ஷர்ட்தான் போடுவார். ஏசி காற்றைக் கால் பக்கம் திருப்ப ஐந்து இடத்தில் தட்ட வேண்டும். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறக்கவும் திரைதான். ஒருமுறை என் சாப்பாட்டு டப்பா அதற்குள் மாட்டிக்கொண்டது. திங்கட்கிழமை வைத்த தயிர்சாதம் புதன்கிழமை வெளியே வந்தது.

அன்று டெஸ்ட் டிரைவர் லீவு. சாரே ஓட்டினார். கேட் வரை நேர்சாலை, சைக்கிளைவிடக் கொஞ்சம் அதிக வேகம். அவ்வளவுதான். பதினாலு விநாடி அவர் சாலையைப் பார்க்கவில்லை. சோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாலும் பழக்கத்தில் எண்ணிவிட்டேன். பத்தாவது விநாடியில் வேலை விதியை மீறி "சார்" என்றேன். வண்டி போட்ட சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

அந்தப் பதினாலு விநாடியும் அவர் திரையில் எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஐந்நூறு நாள் விபத்து இல்லாமல் போனால் ஆளுக்கு ஒரு ஐந்து லிட்டர் குக்கர் என்று கம்பெனி அறிவித்திருந்தது. விபத்து என்று பதிவானால் பலகை பூஜ்யத்துக்குப் போய்விடும். வெளி விலங்கால் நேர்ந்தது மட்டும் கணக்கில் வராது. காவேரிப்பட்டினத்தில் என் அம்மா குக்கரை நம்பி, இருந்த பழையதைச் சித்திக்குக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் பலகை 413 ஆனது. நாயும் வளர்ந்தது. காலையில் அது பழுப்பு நாய். டீ நேரத்துக்குள் கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. மதியம் பல்லைக் காட்டியது. ஸ்டோரில் இருந்த ஒருவர், போன மாதம் அது தன்னையும் துரத்தியதாகச் சொல்லி, பேண்டில் ஒரு கிழிசலைக் காட்டினார்.

எங்கள் வளாகத்தில் இருந்ததே ஒரு நாய்தான். பெயர் க்யூசி. மதியம் ஒவ்வொரு டிபன் பாக்ஸாக மோந்து பார்த்து, சிலதை ஏற்கும், சிலதை நிராகரிக்கும். அதனால் தரச் சோதனைப் பிரிவின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். பின்கால் ஒன்று ஊனம். அதைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடக்கும். பாய்ந்து யாரும் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் டெம்போ வரும், க்யூசியைப் பிடித்து சாமல்பட்டி தாண்டி எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று தீர்த்தகிரி அண்ணன் சொன்னார்.

"அங்க இருக்கற நாயுங்க இத உயிரோட விடுமா?" என்று கேன்டீன் சென்னம்மா கேட்டார்.

"குக்கர் வேணுமா வேணாமாக்கா?"

"என்கிட்ட அண்டா இருக்குது. போடா."

வெள்ளிக்கிழமை விசாரணை நடந்தது. ஆலைத் தலைவர் அற்புதராஜ் சார் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் பிரேம்குமார் சார், மறுபக்கம் தீர்த்தகிரி அண்ணன், கதவோரம் நான்.

"நாய் எந்தப் பக்கத்திலேர்ந்து வந்துச்சு?"

"லெஃப்ட்," என்றார் பிரேம்குமார் சார்.

"ரைட்டுங்க சார்," என்றார் தீர்த்தகிரி அண்ணன் அதே நேரத்தில்.

அற்புதராஜ் சார் கொஞ்சம் யோசித்தார். "குறுக்கன்னு போட்டுக்கலாம். வண்டிக்குள்ள இருக்கற கேமராவுல என்ன பதிவாச்சு?"

"அன்னிக்கு ரெக்கார்டிங் ஆன் பண்ணல சார்."

"ஏன்?"

"அதையும் ஸ்கிரீன்லதான் ஆன் பண்ணணும். அந்த மெனு கொஞ்சம் உள்ள இருக்கு. அடுத்த அப்டேட்ல முன்னாடி கொண்டுவந்துர்றோம்."

சென்னம்மா டீத் தட்டோடு வந்தார். யாரும் கேட்காமலே பேசினார். "அந்த நேரத்துல அது என் குழாயடில படுத்துட்டு இட்லிச் சட்டிய நக்கிட்டு இருந்துச்சு சார். மூணு கால்ல எப்படிப் பாயும்? நீங்க வேணா ஒரு காலைத் தூக்கிட்டுப் பாஞ்சு காட்டுங்க."

"சென்னம்மா, டீய வெச்சிட்டுப் போங்க."

"வெக்கறேன். சுள்ளு ஹேள்பேடி சார்."

கோபம் வந்தால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும். பொய் சொல்லாதீங்க என்று பிரேம்குமார் சாரைப் பார்த்துத்தான் சொன்னார். ஓசூரில் இருந்துகொண்டு கன்னடம் புரியாததுபோல் உட்கார ஒரு திறமை வேண்டும். அந்த அறையில் எல்லோருக்கும் அது இருந்தது.

வெளியே டெம்போ ஹாரன் அடித்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு ஆள் சாக்கும் கயிறுமாக இறங்கினார். க்யூசி நொண்டிக்கொண்டே அவரிடம் போய் சாக்கை மோந்து பார்த்தது. வாலை ஆட்டியது. ஏற்றுக்கொண்டுவிட்டது.

"சரி, முடிச்சிரலாம்," என்று அற்புதராஜ் சார் பேனாவைத் திறந்தார். "ஏம்மா கவிப்ரியா, நீதானே பக்கத்துல இருந்த? நாய்தானே?"

தலையை ஒருமுறை ஆட்டினால் போதும். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பிரேம்குமார் சார் எனக்காகத் தன் தலையை முன்கூட்டியே ஆட்டிக் காட்டினார்.

"இல்ல சார்," என்றேன்.

"என்ன இல்ல?"

"நாய் இல்ல."

தீர்த்தகிரி அண்ணன் டீயை வாயில் வைத்தபடியே நின்றுவிட்டார்.

"பின்ன?"

"சார் பதினாலு செகண்ட் ரோட்டப் பாக்கல. ஸ்கிரீனப் பாத்துட்டு இருந்தாங்க."

"கவி, அது டெஸ்ட்டே கிடையாது," என்றார் பிரேம்குமார் சார். "ஸ்டார்ட் பண்ணவே இல்ல. கணக்குல வராது."

"பலகை கணக்குல வரும்ல?" என்று கதவுக்கு வெளியிலிருந்து சென்னம்மாவின் குரல் வந்தது. அவர் போகவே இல்லை.

அற்புதராஜ் சார் பேனாவை மூடினார். "பதினாலு செகண்டா? அப்படி என்ன பண்ணாரு? பாட்டு மாத்தினாரா?"

"இல்ல சார்."

"ஏசியா?"

"இல்ல சார்."

"போன் பேசினாரா?"

பிரேம்குமார் சார் என்னையே பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. எத்தனை விநாடி என்று எண்ணவில்லை. வெளியே அந்த ஆள் சாக்கின் வாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லும்மா. எதத் தேடினாரு?"

"வண்டி விடாம கத்துச்சு சார். 'ரோட்டப் பாருங்க, ரோட்டப் பாருங்க'ன்னு," என்றேன். "அத ஆஃப் பண்ற இடத்தத் தேடினாங்க."