கண்ணாடிப் படகு போகாத நாள்

முனியம்மாள் எவர்சில்வர் டம்ளரில் மண்ணைக் கரைத்துக்கொண்டிருந்தாள். ஒரகடம் ரோட்டோரத்து முக்கால் ஏக்கரிலிருந்து தணிகாசலம் சைக்கிளில் போய் எடுத்து வந்த மண். தொண்ணூற்றொன்றாம் வருடத்து ஐப்பசி அடைமழையில் ஊறி, வேரும் புல்லுமாகக் கட்டியாக இருந்தது. அதை விரலால் நசுக்கி, புடவைத் தலைப்பில் வடிகட்டி, தம்பியின் வாய்க்குத் தோதாக்கிக்கொண்டிருந்தாள்.

"நெலத்து மேல ஆசை வெச்சவன். அதான் உசுரு போவமாட்டாம இழுத்துக்கினு கீது," என்றாள். "ஒரு வாய் உள்ள எறங்கினா அடங்கிடும்."

கட்டிலின் தலைமாட்டில் நின்ற செங்கமலத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை. நிலத்தின் மேல் அவ்வளவு ஆசை வைத்த மனிதர் பதினெட்டு வருடம் அந்தமானுக்குப் போய் டூரிஸ்ட் வேன் ஓட்டிக்கொண்டிருப்பாரா? அந்த நிலத்தில் நட்டவளும் களை பிடுங்கினவளும் அவள்தான். ஆனாலும் புருஷன் சாகக் கிடக்கும்போது அவருடைய அக்காவோடு வாதாடவா முடியும்?

முனிரத்தினத்துக்கு மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து ஆளுக்கொரு பாலாடை பால் ஊற்றிவிட்டுப் போயாயிற்று. பேச்சு இல்லை. கண் பாதி மூடியே கிடந்தது. வலது கால் மட்டும் அவ்வப்போது நீண்டு எதையோ மிதித்தது, பிறகு மெல்ல விட்டது. நரம்பு இழுக்கிறது என்றான் மகன் தணிகாசலம்.

முனியம்மாள் டம்ளரை அவர் முகத்துக்கு நேரே கொண்டுபோனாள். ஜன்னல் வெளிச்சம் அதில் விழுந்தது. முனிரத்தினம் கண்ணைத் திறந்து அதையே பார்த்தார்.

"தண்ணி கலங்கலா கீது," என்றார். "இன்னிக்கி கண்ணாடி போட்டு போவாது. அடியில ஒண்ணும் தெரியாது. யாரும் டிக்கெட் எடுக்காதீங்க."

முனியம்மாள் டம்ளரை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "இன்னாடா சொல்ற? நம்ம நெலத்து மண்ணுடா இது." அவள் அவர் உதட்டில் தடவியது கன்னத்து வழியாகத் தலையணைக்கு வழிந்தது.

"அப்பாவுக்கு நெனவு தப்பிப் போச்சி," என்றான் தணிகாசலம்.

செங்கமலத்துக்கு மட்டும் விளங்கிவிட்டது. அவர் சொன்ன கண்ணாடி போட்டு, அந்தமானில் ஓடும், அடியில் கண்ணாடி பதித்த படகு. உட்கார்ந்த இடத்திலிருந்தே கடலின் தரையும் மீன்களும் தெரியும். மழை பெய்து கலங்கினால் ஒன்றும் தெரியாது. லீவில் வரும்போதெல்லாம் முனிரத்தினம் தெருவையே கூட்டி வைத்து வாயாலேயே அந்தமானைச் சுற்றிக் காட்டுவார். ஜெயில், கடற்கரை, காடு, எல்லாவற்றுக்கும் கடைசியில் தன் வீடு. ரெண்டு ரூம்பு, ஜன்னலைத் திறந்தால் கடல். பார்க்காத அந்தத் தீவு செங்கமலத்துக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஒரு தரமாவது கூட்டிப்போகச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார். வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்தில் முனியம்மாள்தான் விளையாட்டாகச் சொன்னாள்: "ரெண்டு ரூம்பு வூட்ல ஒத்தை ஆம்பளயா இருப்பான்? எவளாவது இல்லாமயா?" பந்தியே சிரித்தது. செங்கமலமும் சிரித்தாள். அந்தப் பேச்சு மட்டும் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி நின்றுவிட்டது. சர்க்கரையில் கண் மங்கி அவர் ஒரேயடியாகத் திரும்பி வந்த பிறகும் அவள் கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்றுவிட்டால் மிச்ச நாளை எப்படித் தள்ளுவது என்று பயம்.

இப்போது மிச்ச நாள் என்று எதுவும் இல்லை.

"அண்ணி, காலையிலேர்ந்து பச்சத் தண்ணி கூடப் படல உங்களுக்கு. தணிகா, அத்தைய இட்டுக்கினு போயி டீ வாங்கிக் குடு," என்றாள் செங்கமலம்.

அவர்கள் போனதும் கட்டிலின் இடப்பக்கம் ஏறி, அவர் பார்க்கும் திசையையே பார்த்து உட்கார்ந்தாள்.

"போட்டு இல்லன்னா பரவால்ல டிரைவரு. பாக்கறதுக்கு வேற இன்னா கீது?"

முனிரத்தினத்தின் முகத்தில் ஒரு மரியாதை வந்து உட்கார்ந்தது. "எல்லாம் கீதும்மா. பாத்து ஏறுங்க, தலைய இடிச்சிக்காதீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவளை அவர் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அந்த நேரத்திலும் அவளுக்கு அது பிடித்திருந்தது.

"லெஃப்ட் சைடுல பாருங்க, அதான் ஜெயிலு. நம்மாளுங்க உள்ள போவசொல்லோ கோயில் மாதிரி செருப்ப வுட்டுட்டுத்தான் போவாங்க." கால் மிதித்தது, விட்டது. "இப்ப கடலோரமா போறோம். எவ்ளோ தென்ன பாருங்க. அந்தாண்ட காடு. மழை பெஞ்சா ஒரு வாசன வரும். நல்லா இழுத்து மோந்து பாருங்க."

அவள் மூச்சை இழுத்தாள். பினாயிலும் ஈரச் சாக்கும் நாறின. "ஆமா, நல்லா கீது," என்றாள்.

செங்கமலம் கதவுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன் டிரைவரு, இவ்ளோ அழகான ஊரு. உங்க வூட்டுக்காரம்மாவ இட்டாந்து காட்னீங்களா?"

"இல்லம்மா."

"ஏன், இங்க வேற யாராவது கீறாங்களா?"

அவர் சிரிக்க முயன்றார்; இருமல்தான் வந்தது. "நீங்க ஒண்ணு. எனக்கு இங்க வூடே கெடையாதும்மா. இந்த வேன்லதான் படுக்கறேன், பின் சீட்டுல. ரெண்டு ரூம்பு, ஜன்னல்ல கடலுன்னு ஊர்ல பெருமைக்குச் சொல்லி வெச்சிட்டேன்."

செங்கமலம் அவர் முகத்தையே பார்த்தாள். "அவங்ககிட்டயாவது உள்ளதச் சொல்லக் கூடாதா?"

"சொன்னா வந்துடுவாம்மா. வந்து வேன்லயே படுத்துக்குவா. அவ அப்படி."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவி மனுஷன். படுத்திருப்பேன்தான், காலை மடக்கிக்கொண்டு அந்தப் பின் சீட்டிலேயே படுத்திருப்பேன். இதற்காகவா இத்தனை வருஷம்? அழுகையும் கூடவே வந்தது. டிரைவருக்கு முன்னால் அழக் கூடாது என்று தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"கடைசியா சிடியா டாப்பும்மா," என்றார். குரல் தேய்ந்திருந்தது. "ரோடு அதோட முடிஞ்சிடும், அப்பறம் கடலுதான். சூரியன் உள்ள எறங்கறதப் பாத்துட்டுக் கெளம்பலாம்."

ஜன்னலுக்கு வெளியே மழை மூட்டத்தில் சூரியன் எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கால் நீண்டு மிதித்தது.

"எறங்குங்கம்மா. எடம் கம்மி, ஓரமா நில்லுங்க. நான் வண்டியத் திருப்பிக்கினு வரேன்."

செங்கமலம் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரோரமாக நின்றாள். மிதித்த கால் இந்த முறை திரும்பவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். டீக்கடையிலிருந்து வந்த முனியம்மாள்தான் தம்பியின் மூக்கில் கை வைத்துப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். அழுது ஓய்ந்தபோது சொன்னாள்.

"பாத்தியா, மண்ணு பட்டதும் நிம்மதியாப் போய்ட்டான்."

"ஆமா அண்ணி," என்றாள் செங்கமலம்.

மறுநாள் காலையில் மழை தூறலாக இருந்தது. குளிப்பாட்டி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டினார்கள். மேளக்காரர்கள் முன்னால் போனார்கள். தணிகாசலம் கொள்ளிச் சட்டியோடு நடந்தான். பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் போக வேண்டும். அங்கே பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்கினார்கள். பெண்கள் விழுந்து கும்பிட்டுத் திரும்பினார்கள்.

மேளச் சத்தம் ஏரிக்கரைப் பக்கம் தேய்ந்து போயிற்று.

"வா செங்கமலம். வூட்டக் கழுவி வுடணும்," என்று முனியம்மாள் கையைப் பிடித்தாள்.

"நீங்க முன்னால போங்க அண்ணி."

அந்த முனையில் தெரு குறுகல். இரண்டு பக்கமும் சேறு. செங்கமலம் தான் நிற்கும் இடத்தைக் குனிந்து பார்த்தாள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ரோட்டை விட்டு இறங்கி, ஒரு வண்டி திரும்புகிற அளவுக்கு இடம் விட்டு, ஓரமாக நின்றாள்.