நிருஷாவின் மரண அறிவித்தல்

தங்கை செத்துப்போன செய்தியை ஒரு சனிக்கிழமை காலை, புட்டுக்கு மா குழைத்துக்கொண்டு நின்றபோது போனில்தான் பார்த்தேன். கரவெட்டியைப் பூர்வீகமாகவும் கொழும்பு வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட செல்வி நிருஷா, நேபாளத்தில் மலையேறும்போது அகால மரணமடைந்தாராம். பள்ளிக்கூடப் பரிசளிப்பில் எடுத்த படம். கீழே, தொடர்புகளுக்கு என்று அம்மாவின் நம்பர்.

அவள் ஏறப் போனது மக்காலு. உலகத்தில் ஐந்தாவது உயரமான மலை. இதற்கு முன் இரண்டு பெரிய மலைகள் ஏறி இறங்கினவள். மேலே புயல், ஒரு இலங்கைப் பெண்ணோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று கூட்டிப்போன கொம்பனி முதல்நாள் பேஸ்புக்கில் போட்டிருந்தது. அவ்வளவுதான். அது போதும், ரொறொன்ரோவில் இருக்கிற குகதாசன் மாமாவுக்கு. எங்கள் ஆட்களுக்கு மரண அறிவித்தல் போடுவதிலும் முந்த வேண்டும். வேறு சொந்தக்காரன் முதலில் போட்டுவிட்டால் மானம் போய்விடுமே.

போன் ஓயவில்லை. லண்டன், மெல்பேர்ன், ஒஸ்லோ. அம்மா அழவில்லை. "பிழையான செய்தி. என்ர பிள்ளை போன் எடுப்பாள்," என்று எல்லாருக்கும் ஒரே பதில். கீழ் வீட்டு பஹ்மியா ராத்தா சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வாசலில் வந்து நின்றார். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று முஸ்லிமான அவருக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பார்க்க வைத்தே அடுப்பை மூட்டிப் புட்டை அவித்தேன். பாவம், அந்த மனுசி என்ன செய்யும்.

மத்தியானம் தெரியாத நம்பர் ஒன்று.

"அக்கா, நான்தான். ரேடியோவுக்குப் பற்றறி முடிஞ்சுது. கூடாரத்துக்குள்ளயே கிடந்தம். இது வேற ஆக்களின்ர போன்."

"எருமை, உனக்கு இஞ்ச செத்தவீடு நடக்குது," என்று கத்திக்கொண்டே ஸ்பீக்கரைப் போட்டேன்.

அவள் சிரித்தாள். "நாளைக்குக் காத்துக் குறையுதாம். மேல ஏறப்போறன்."

அம்மா போனுக்குக் குனிந்து கேட்டார். "ஏறாதை எண்டா கேப்பியோ?"

"இல்லையம்மா."

அதோடு லைன் அறுந்தது.

உடனே மாமாவைப் போனில் எடுத்து, வாயில் வந்ததெல்லாம் பேசினேன். மனுசன் வெலவெலத்துப்போனார். "ஐயோ பிள்ளை, இப்பவே அந்த அறிவித்தலை எடுப்பிக்கிறன்."

அம்மா போனைப் பறித்தார். "அண்ணை, எடுக்காதேங்கோ."

"என்னம்மா கதைக்கிறீங்கள்?" என்றேன்.

"உயிரோட இருக்கிற ஆளைச் செத்ததெண்டு கதைச்சா ஆயுசு கூடும் எண்டு சொல்லுறவை. எவ்வளவு சனம் நம்புதோ அவ்வளவு நல்லம். அவள் இறங்கி வருமட்டும் கிடக்கட்டும்."

அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அதற்குள் பாரிஸிலிருந்து சின்னம்மா அம்மாவுக்குப் போன் எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஒப்பாரி எனக்கே கேட்டது. பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லுங்கோ என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஓம் தங்கச்சி," என்றார். "என்ர பிள்ளை போயிட்டுது."

காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா, அதைச் சொல்லிவிட்டுத்தான் வாய்விட்டு அழத் தொடங்கினார்.