கூட்டாமல், குறைக்காமல்

ருத்ரகௌடர் மைக்கைப் பிடித்தால் ஜனங்களுக்குப் பசி மறந்துபோகும் என்று ஹிரேகொப்பாவில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். மற்றவர்கள் பலாவ் பொட்டலம் எப்போது வரும் என்று பந்தலின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று மாற்றுத்திறனாளிகளுக்கு மூன்று சக்கர வண்டி வழங்கும் விழா. காது கேளாதவர்கள் அறுபது பேரை மேடைக்கு வலப்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். அவர்களுக்குச் சைகையில் சொல்ல மேடை ஓரத்தில் சுமங்கலா நின்றாள். அவளுடைய அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. அவளுக்கு வாய் திறப்பதற்கு முன்பே கை பேச ஆரம்பித்துவிட்டது. அந்தப் பக்கத்தில் கல்யாணப் பேச்சு, ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாவற்றுக்கும் அவள் ஒருத்திதான்.

இரண்டாவது வரிசையில் துங்கவ்வா தன் அம்மா சிவக்காவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். பத்தொன்பது வயது, அவளுக்கும் காது கேட்காது. மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளப் போனவள். ஒருநாள் மண்டி மேஸ்திரி அவளைக் கிடங்குக்குள் இழுத்துப்போனான். அன்றிலிருந்து கோர்ட்டுக்குத் தவிர அவள் வாசல் தாண்டவில்லை. இந்த விழாவுக்குச் சுமங்கலாதான் வீடு தேடிப்போய்க் கெஞ்சி வரவழைத்தாள்.

"நான் மேடையில இருப்பேன்டி. பயமா இருந்தா என் கையையே பாரு. என் கை இருக்கற இடத்துல உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று சைகையில் சொல்லியிருந்தாள். அதை நம்பித்தான் அவள் வந்தாள்.

மேடையில் கௌடருக்குப் பக்கத்து நாற்காலியில் ஈரண்ணா உட்கார்ந்திருந்தார். கட்சியின் தாலுகா தலைவர், தொழிலில் வக்கீல். அந்த மேஸ்திரிக்காக வாதாடுகிறவரும் அவர்தான். சின்ன ஊரில் ஒரே ஆள் எல்லா நாற்காலியிலும் உட்காருவான். போன விசாரணையில் அவர் நீதிபதி அம்மாவிடம் சுமங்கலாவைப் பற்றி ஒரு சந்தேகத்தைக் கிளப்பியிருந்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றதை இந்தம்மா சொல்றாங்களா, இல்ல இவங்களே கதை கட்டறாங்களா? எங்களுக்கு எப்படிங்க தெரியும்? அடுத்த தடவை தார்வாடிலேருந்து சைகை வாத்தியார் ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன்."

நீதிபதி சுமங்கலாவை மறுபடி உறுதிமொழி எடுக்கச் சொன்னார். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். சாட்சி 'நான்' என்றால் இவளும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். தன் வார்த்தை ஒன்றுகூட நடுவில் நுழையக் கூடாது. வரும் வியாழக்கிழமை குறுக்கு விசாரணை. இப்போது ஈரண்ணாவின் முழங்கால்மேல் போன் நிமிர்ந்து நின்று சுமங்கலாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

கௌடர் வண்டியைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வழக்கம்போல் தில்லிக்குப் போய்விட்டார். தண்ணீர் தரவில்லை, வரிப் பங்கு தரவில்லை. கூட்டம் சோம்பியிருந்தது. பொட்டலத்தின் வாசனை வேறு வந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தினார்.

"இதுக்குப் பேரு நிதி ஒதுக்கீடா? தில்லிக்காரன் நம்ம மாநிலத் தாயைக் கற்பழிச்சிட்டான்யா!"

சுமங்கலாவின் கை அந்தரத்தில் நின்றது.

வாயால் சொல்கிறவனுக்கு அது மூச்சோடு போய்விடும் ஒரு சொல். சைகையில் அப்படித் தப்பிக்க வழியில்லை. ஒரு கை பிடிக்க வேண்டும், இன்னொரு கை பிடிபட்டுத் திமிற வேண்டும், அந்த வலி முகத்தில் தெரிய வேண்டும். முகம் சேராவிட்டால் பொருளே வராது. சொல்கிறவள் தன் உடம்பில் அதை நடத்திக் காட்டியாக வேண்டும்.

'ஏமாற்றிவிட்டான்' என்று காட்டிவிட்டுப் போய்விடலாம். ஒரு சின்னச் சைகை. யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்தப் போன்? இந்தம்மா மேடையிலேயே மாற்றிச் சொல்கிறார் என்று தார்வாட் வாத்தியார் கோர்ட்டில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், துங்கவ்வா இதுவரை சொன்னதெல்லாம் சுமங்கலா கட்டிய கதையாகிவிடும். கிடங்கில் நடந்தது நடக்காததாகிவிடும்.

அதனால் அவள் அதை அப்படியே செய்தாள். அந்தப் பெண்ணுக்காகத்தான் செய்தாள்.

கைதட்டல் எழுந்தது. ருசி கண்ட கௌடர் விடுவாரா?

"யாரு கற்பழிச்சா?"

"தில்லி!"

"யாரை?"

"நம்ம தாயை!"

முன் வரிசைப் பெண்கள்கூடச் சிரித்துக்கொண்டே கத்தினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சுமங்கலாவின் கை பிடித்தது, திமிறியது. ஈரண்ணா போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினார்.

துங்கவ்வா பள்ளிக்கூடம் போனதில்லை. அவளுக்குத் தில்லி தெரியாது, வரிப் பங்கு தெரியாது. ஒரு மாநிலத்தைத் தாய் என்பார்கள் என்பதும் தெரியாது. அந்தச் சைகை தெரியும். அதை அவள் வாழ்க்கையில் இரண்டே பேரிடம்தான் செய்திருக்கிறாள், அம்மாவிடமும் சுமங்கலாவிடமும். இன்று சுமங்கலா அதை மேடையேறிச் செய்கிறாள். துங்கவ்வா சுற்றிலும் பார்த்தாள். திறந்த வாய்கள், உயர்ந்த கைகள், ஊரே தட்டுகிறது.

அவள் எழுந்து நின்று கையசைத்துக் கேட்டாள்: "என் விஷயத்தைச் சொல்லிட்டியா? எல்லார்கிட்டயுமா?"

சுமங்கலா இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அதற்குள் துங்கவ்வா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணை மூடிவிட்டால் உலகத்தில் யாரும் அவளோடு பேச முடியாது.

சுமங்கலா கைகளைத் தொங்கப்போட்டாள். கௌடரின் மீதிப் பேச்சு அந்த அறுபது பேருக்கும் கிடைக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கௌடர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏன் தாயி பாதியில நிறுத்திட்டே? உடம்புக்கு முடியலையா?"

"நீங்க சொன்ன அந்த வார்த்தை, கௌடரே. அது நடந்த பொண்ணு ஒருத்தி முன்னாடி உக்காந்திருந்தா."

அவர் முகம் ஒரு நிமிஷம் மாறியது. மனுஷன் ராட்சசன் இல்லை. பிறகு சமாளித்துக்கொண்டார்.

"அட, அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்கு. நம்ம ப்யாடகி மிளகாய் மாதிரின்னு வெச்சுக்கயேன். நிறம்தான் தாயி, காரம் கிடையாது."

"காம்பு கிள்ளறவ கையைக் கேட்டுப் பாருங்க கௌடரே. அந்தக் கை கண்ணுல பட்டாத் தெரியும்."

கௌடர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உதவியாளரைப் பார்த்தார். "தாயிக்கு ரெண்டு பொட்டலம் குடுப்பா" என்றார்.

மறுநாள் சுமங்கலா துங்கவ்வாவின் வீட்டுக்குப் போனாள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தோளைத் தொட்டால் உதறினாள். முகத்துக்கு நேரே போனால் கண்ணை மூடினாள்.

"நேத்துலேருந்து இப்படித்தான் இருக்கா" என்றாள் சிவக்கா. "நீங்க அங்க என்னக்கா சொன்னீங்க? கௌடர் தண்ணியப் பத்தித்தானே பேசினாரு?"

சுமங்கலாவுக்கு ஆத்திரமாக வந்தது. சிவக்காமீது காட்ட முடியாத ஆத்திரம். அந்தச் சொல் பெற்ற தாயின் காதிலும் விழுந்துதான் இருந்தது. ஆனால் மேடையில் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அது.

வியாழக்கிழமை கோர்ட்டில் வெளியாட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். துங்கவ்வா வந்துவிட்டாள், அதுவே பெரிய விஷயம். அம்மா எப்படியோ இழுத்து வந்திருந்தாள். ஈரண்ணா கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். தார்வாட் வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அன்னிக்குக் கிடங்குல என்ன நடந்ததுன்னு கேளுங்க."

சுமங்கலா கேட்டாள். துங்கவ்வா அவள் கைகளையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கித் தன் கையை எடுத்து ஒரு கேள்வி கேட்டாள். சுமங்கலா நீதிபதி பக்கம் திரும்பினாள். உறுதிமொழி உறுதிமொழிதான்.

"'இங்கயும் கை தட்டுவாங்களா?'" என்று உரக்கச் சொன்னாள்.

நீதிபதி நிமிர்ந்தார். "என்ன கைதட்டல்?"

சுமங்கலாவுக்குத் தெரியும். மேடை, தில்லி, தாய் எல்லாவற்றையும் சொல்லிவிட அவள் நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது. தெரிந்ததைச் சொல்வதற்காக அவளை அங்கே நிறுத்தவில்லை. அந்தக் கேள்வியைத் துங்கவ்வாவிடமே திருப்பினாள்: "என்ன கைதட்டல்?"

துங்கவ்வாவின் விரல் முதலில் ஈரண்ணாவிடம் போனது; உள்ளங்கைகள் தட்டிக் காட்டின. பிறகு விரல் திரும்பி வந்து சுமங்கலாவின் நெஞ்சுக்கு நேரே நின்றது; அங்கிருந்து கை ஊரையே சுற்றிக் காட்டியது. ஈரண்ணா தன் காகிதங்களுக்குள் குனிந்துகொண்டார்.

"என்ன சொல்றா?" என்றார் நீதிபதி.

சுமங்கலா வாத்தியாரைப் பார்த்தாள். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"'அவரு கை தட்டினாரு'" என்றாள் சுமங்கலா. "'நீதான் எல்லார்கிட்டயும் சொன்னே.'"

அவள் சொல்லி முடித்ததைத் துங்கவ்வா உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். பிறகு இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி அடுத்த கேள்வியைக் கேட்டார். அதைச் சொல்வதற்காகச் சுமங்கலா கைகளைத் தூக்கியபடியே நின்றாள்.