மெஷின் இருந்த இடம்

மார்ச் ஒன்பதாம் தேதி, பேருந்துப் பணிமனையின் பின்வாசல் படியில் ஓட்டுநர் ஒருத்தி குப்புற விழுந்ததில் இரண்டு தோள்களும் முறிந்தன.

எலும்பு கூடிவிட்டது. கைகள் மட்டும் தோளுக்கு மேலே ஏற மறுத்தன. இனி இவ்வளவுதான் என்றார் மருத்துவர். பணிமனையில் மேஜை வேலை கொடுத்தார்கள். அதைக்கூட அவள் ஏற்றுக்கொண்டாள். வீட்டுச் சமையலறையிடம்தான் அவளால் சமாதானமாக முடியவில்லை. பருப்பு, சர்க்கரை, தேயிலை எல்லாமே தலைக்கு மேலிருந்த அலமாரிகளில். பேருந்து நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வளைந்து வந்தவள், ஒரு வாய் டீக்குக் கணவனைக் கூப்பிட்டுவிட்டு நின்றாள்.

அவள் கைக்கு எட்டுகிற இடத்தை, மேடைக்கு அடியில், பாத்திரம் கழுவும் மெஷின் அடைத்துக்கொண்டிருந்தது. அது ஓடி வருஷக்கணக்காகிறது. உள்ளே பிளாஸ்டிக் பைகள் குடித்தனம் நடத்தின.

"அதைத் தூக்கிட்டு ஷெல்ஃப் போடுங்களேன்."

"பம்ப் மாத்தினா ஓடிடும்."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே ஏற்றி இறக்குகிறவனுக்கு வீட்டுப் பெட்டியிடம் தோற்பது மானப் பிரச்சினை.

"அந்த பம்ப் செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க, அண்ணா," என்றாள் எதிர்வீட்டில் இருக்கும் அவன் தங்கை. "நீ இன்னும் துக்கம் விசாரிச்சிட்டே இரு."

"நீ சும்மா இரு."

"கூப்பிட்டப்பல்லாம் வர்றீங்க. ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்ல," என்றாள் மனைவி. "அதுதாங்க எனக்குத் தாங்கல."

ஞாயிற்றுக்கிழமை அவன் தண்ணீர்க் குழாயை அடைத்து, வயரைக் கழற்றி, மெஷினை வெளியே இழுத்தான். காயலான் கடைக்காரர் வந்து கொண்டுபோனார். மாலைக்குள் பலகைகளை அடித்து, டப்பாக்களை வரிசையாக அடுக்கி, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கும் பெண்ணைப்போல ஒதுங்கி நின்றான்.

அவள் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். முன்வரிசை டப்பாக்கள் கைக்கு வந்தன. மெஷினின் ஆழம் முழுக்கப் பலகை போட்டிருந்ததால், பின்வரிசைக்கு உள்ளே குனிய வேண்டியிருந்தது. குனிந்ததும் கை தோளைத் தாண்டி நீள மறுத்தது; சர்க்கரை டப்பா விரல் நுனி பட்டு இன்னும் உள்ளே நகர்ந்தது.

"கூப்பிட்டா எடுத்துத் தரமாட்டேனா?"

"கூப்பிடக் கூடாதுன்னுதானே இவ்வளவும்!" அவள் அவனை முறைத்தாள்.

வேடிக்கை பார்க்க வந்திருந்த நாத்தனார் கொடியிலிருந்த துண்டை உருவி, அண்ணனின் முழங்கைகளை விலாவோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். "இப்ப எடு பார்ப்போம்."

மண்டியிட்டான். குனிந்தான். தலை உள்ளே போனது, கை போகவில்லை. நிமிர்ந்தபோது நெற்றி பலகையில் டங்கென்று இடித்தது.

"லிஃப்ட் நின்னுபோச்சு, அண்ணி!"

முறைத்துக்கொண்டிருந்த மனைவிக்கும் சிரிப்பு பீறிட்டது. துண்டோடு தரையிலேயே உட்கார்ந்து அவன் பலகையைப் பார்த்தான்.

"இதை ஆணி அடிச்சு நிறுத்தினது தப்பு. இழுத்தா வெளிய வரணும். சாமான்தான் ஆளைத் தேடி வரணும்."

"முதல்ல துண்டை அவுத்துவிடவா?" என்றாள் தங்கை.

"அவுத்துவிடு, தாயே."

வாரம் முழுக்க வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பலகைக்கும் விளிம்பு கட்டி, இரண்டு பக்கமும் மேஜை டிராயருக்கு வைக்கிற தண்டவாளம் பொருத்தினான். ஒரு பலகை கோணலாகி இரண்டு முறை கழற்ற வேண்டிவந்தது.

அடுத்த ஞாயிறு காலை அவள் நடுத்தட்டை இழுத்துத் தேயிலையும் சர்க்கரையும் எடுத்து டீ போட்டாள். கணவன் எழுந்து வந்தபோது பாதி குடித்திருந்தாள்.