வலப்பக்கக் கொண்டி

"யாருக்கும்மா இந்தச் சிம்மாசனம்?" என்று கேட்டார் மெக்கானிக்.

அவள் கையில் பைக்கின் பின்சீட்டில் மாட்டும் புத்தம் புதிய சாய்மானம் ஒன்று இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பைக் டாக்ஸி ஓட்டும் பெண் என்று அந்தப் பட்டறைக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் என்று தெரிந்த நாளிலிருந்து அங்கே அவள் பெயர் டிகிரி.

"பின்னாடி உக்கார்றவனுக்கு."

"அவன் என்ன உன் மாமனாரா டிகிரி? சாய வச்சு ஊர்வலம் கூட்டிட்டுப் போறியா?"

"சாயறதுக்கு ஒண்ணும் இல்லன்னா பிடிக்கறதுக்கு என் இடுப்புதான் இருக்குண்ணே."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பின்சீட்டின் இருபுறமும் ஓடிய கைப்பிடிக் கம்பியில் பக்கத்துக்கு ஒரு கிளாம்ப் வைத்து முறுக்கினார். சாய்மானத்தின் இரண்டு கால்களும் அந்தக் கிளாம்ப்புகளில் வந்து உட்கார்ந்தன. காலுக்கு ஒரு கொண்டி. கீழே அழுத்தினால் கவ்விக்கொள்ளும், மேலே தூக்கினால் விட்டுவிடும். சாமான் ஏற்றும்போது கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.

"ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வரணும். வரலைன்னா மாட்டின மாதிரியே உக்காந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பாரம் விழுந்தாத்தான் தெரியும்" என்று சொல்லி, அவளையே மூன்று நான்கு முறை கழற்றி மாட்டச் சொன்னார்.

சாய்மானம் வந்த பிறகு அவளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. பள்ளமே இல்லாத ரோட்டில் பள்ளம் கண்டுபிடித்து முன்னால் வந்து விழுகிறவர்களுக்கு இனிமேல் சாக்கு இல்லை. "சாஞ்சுக்கோங்க, நல்லா தாங்கும்" என்று ஒரே வரிதான் சொல்வாள். காலைத் தூக்கிப் போட முடியவில்லை, முட்டி இடிக்கிறது என்று சிலர் முனகினார்கள். முனகட்டும். முனகல் உடம்பில் ஒட்டாது.

அன்றைக்கு ஏறியவர் பெருத்த ஆள். அலுவலக வாசலில் நின்றிருந்தார், தோளில் பை, இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சென்ட். முதல் வேகத்தடையிலேயே கை அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. வேகத்தடை முடிந்தும் கை போகவில்லை.

அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"சார், கை."

"என்ன கை?"

"எடுங்க. பின்னால சாயறதுக்கு இடம் இருக்கு. சாஞ்சுக்கோங்க, நல்லா தாங்கும்."

"ஏம்மா, பயமா இருந்தா பிடிக்கக் கூடாதா? உன் வயசுல எனக்குப் பொண்ணு இருக்கு."

"அப்ப பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்தீங்களா, கை எங்க வைக்கப் போறீங்கன்னு?"

கை பின்வாங்கியது. மனிதர் இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே தொப்பென்று சாய்ந்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. "போதுமா? மகாராணி மேல தூசுகூடப் படாது. போ."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் மேம்பாலத்தில் ஏறினாள்.

ஏற்றத்தில் ஆளின் பாரம் முழுக்கப் பின்னால் இறங்கியது. அப்போதுதான் வலப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிறீச் என்று சின்னதாக ஒன்று. இத்தனை நாளும் கேட்காத சத்தம்.

வலப்பக்கம் கொண்டி போட்டேனா?

முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் கேன் ஏற்ற வேண்டுமென்று அண்ணன் சாய்மானத்தைக் கழற்றியிருந்தான். காலையில் அவள்தான் மாட்டினாள். இடப்பக்கம் அழுத்தினாள், டக்கென்றது. அந்த நேரம் பார்த்து அம்மா வாசலுக்கு வந்தாள். "கண்டவனையும் பின்னாடி ஏத்திட்டு ஊர் சுத்தத்தான் உன்னைப் படிக்க வச்சேனா?" இவள் எழுந்தாள். "படிச்ச படிப்புக்கு நீ போய் வேலை வாங்கிட்டு வா, வண்டியை இப்பவே வித்துடறேன்." அம்மா ஒன்று சொன்னாள், இவள் ரெண்டு சொன்னாள். ஹெல்மெட்டை மாட்டினாள், கிளம்பினாள். சண்டை வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. வலப்பக்கக் கொண்டி மட்டும் ஞாபகத்தில் இல்லவே இல்லை.

போட்டிருப்பேன். கை தானாகப் போட்டிருக்கும். காலையிலிருந்து ரெண்டு பேர் ஏறி இறங்கிவிட்டார்களே, விழவில்லையே. முதல் ஆள் ஒரு டீச்சர், முதுகில் ஸ்கேல் கட்டியவர் மாதிரி நிமிர்ந்தே வந்தார். இரண்டாவது, இரவு வேலை முடித்து வந்த ஒல்லிப் பெண். அவள் வழியெல்லாம் சாய்ந்தே வந்தாள். சாய்ந்து தூங்கியே விட்டாள்! ஆனால் அந்தப் பெண்ணைப் போல மூன்று பேர் இந்த ஒரு ஆளுக்குள் இருப்பார்கள்.

நிறுத்த வழியில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் இடுப்புயரச் சுவர், ஒதுங்க ஓர் அடிகூட இல்லை. கண்ணாடியில் ஒரு லாரியின் முகம் மட்டும் தெரிந்தது. வலது கை ஆக்ஸிலரேட்டரில் இருந்தது, ஏற்றத்தில் அதை எடுத்தால் வண்டி திணறும். இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்து வலப்பக்கம் துழாவிப் பார்த்தாள். அந்தக் கொண்டிக்கும் கைக்கும் நடுவே அவருடைய தொடை இருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

கிறீச்.

சொல்லத்தான் வேண்டும். எதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தபோதே வாய் கசந்தது.

"சார், முன்னால வாங்க. சாயாதீங்க."

"என்னது?"

"என்னைப் பிடிச்சுக்கோங்க."

பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. "பார்றா! இப்பத்தானே தொடாதேன்னு கத்துன? அதுக்குள்ள ஆசை வந்துருச்சா? எனக்கு இங்கேயே சுகமா இருக்கு." சொல்லிவிட்டு, ஊஞ்சலில் உந்துவதுபோல முதுகால் இரண்டு முறை சாய்மானத்தை உந்தினார்.

"ஐயோ, ஆடாதீங்க! வலப்பக்கம் கொண்டி போட்டேனான்னு எனக்கே தெரியல. கழண்டுச்சுன்னா நேரா கீழதான். பின்னால லாரி வருது, திரும்பிப் பாருங்க!"

அவர் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த கணம் இரண்டு கைகளும் அவள் வயிற்றைச் சுற்றி இறுகின. சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். தாடை அவள் முதுகில் இடித்தது. "அம்மா, அம்மா" என்று அவர் முனகியது ஹெல்மெட்டுக்குள் கேட்டது.

இது பயத்தில் வந்த கை, அது வேறு கை என்று புத்தி சொல்லிற்று. உடம்பு அந்தப் பஞ்சாயத்தையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உடம்புக்கு இரண்டும் ஒரே கைதான். முதுகெலும்பு முழுக்கக் கூசியது. உதறித் தள்ள வேண்டும் போலிருந்தது. உதறினால் செத்துப்போவார். பல்லைக் கடித்துக்கொண்டு, நானேதான் பிடிக்கச் சொன்னேன், நானேதான் பிடிக்கச் சொன்னேன் என்று சொல்லியபடியே ஓட்டினாள். பாலம் உச்சி தாண்டி இறங்கியபோது அவருடைய பாரமெல்லாம் அவள் மேல் வந்து கவிழ்ந்தது. அதையும் தாங்கினாள்.

கீழே, மூடிய கடை ஒன்றின் ஷட்டர் முன்னால் நிறுத்தினாள்.

"இறங்குங்க."

கை விடவில்லை.

"சார், நின்னாச்சு. கையை விடுங்க!"

இறங்கினார். அவளும் இறங்கி, ஸ்டாண்டு போட்டு, வலப்பக்கம் போய்ப் பார்த்தாள். கொண்டி மேல்நோக்கி நின்றது. யாரும் தொடவே இல்லை. சாய்மானத்தைப் பிடித்துத் தூக்கினாள். அந்தப் பக்கக் கால் கிளாம்ப்பிலிருந்து அப்படியே எழுந்து வந்தது. இத்தனை பேரையும் தாங்கியது இடப்பக்கம் ஒன்றுதான்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "கொல்லப் பார்த்தியா நீ?"

"கொல்லணும்னா வாயை மூடிட்டு வந்திருப்பேன்."

"கம்ப்ளைண்ட் பண்றேன். உன்னை இந்த வேலையில இருந்தே தூக்குறேன் பாரு."

"பண்ணுங்க. பூட்டாம வண்டி எடுத்தது என் தப்பு. அதை யார் கேட்டாலும் ஒத்துக்குவேன். வேகத்தடையில உங்க கை எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. அதையும் சொல்லுவேன்."

அவர் போனை எடுத்தார். அதையே முறைத்தார். பிறகு சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, அவ்வழியாக வந்த ஓர் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் இடப்பக்கத்தையும் விடுவித்து, சாய்மானத்தைச் சரியாக இறக்கி, இரண்டு கொண்டிகளையும் அழுத்தினாள். இரண்டும் சத்தம் போட்டன. இழுத்துப் பார்த்தாள், உலுக்கிப் பார்த்தாள். அசையவில்லை. மனது மட்டும் ஒப்பவில்லை.

போன் ஒலித்தது. அடுத்த சவாரி, ஆஸ்பத்திரி வாசலில் ஏற வேண்டிய ஒரு பெண்.

ஒலிக்க விட்டுவிட்டு அவள் வண்டியின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். சொந்த வண்டியில் அவள் அங்கே உட்கார்ந்ததே இல்லை. முன்னால் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. சாய வேண்டும். முதுகு போக மறுத்தது. ஷட்டர் ஓரம் நின்றிருந்த ஒருவர் வேடிக்கை பார்த்தார். பார்க்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாரத்தையும் பின்னால் விட்டாள்.

தாங்கியது. ஆனால் இடப்பக்கம் சற்றே தணிந்தது, ஒரு நூலளவு. காலையிலிருந்து ஒற்றையாகச் சுமந்த அந்தப் பக்கத்துக் கால் வளைந்திருந்தது.

போன் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது. கட்டைவிரலால் தள்ளி அந்தச் சவாரியை மறுத்தாள். இரண்டு கொண்டிகளையும் தூக்கி, சாய்மானத்தைக் கழற்றி முன்னால் டேங்க் மேல் வைத்துக்கொண்டாள். பின்சீட்டு காலியாக இருக்க, பட்டறையைப் பார்த்து வண்டியைத் திருப்பினாள்.