விரிசல் விழுந்தால் பூசி மறைக்காதீர்கள்

நான் பூச்சு வேலைக் கொத்தனார். மீசை முளைக்கும் முன்பே சாரத்தில் ஏறியவன். என் மேஸ்திரி, என் மனைவியின் அண்ணன். வேலையிடத்தில் அவர் ஏச்சு, வீட்டில் அவர் தங்கையின் ஏச்சு. இப்படி மாட்டிக்கொண்ட மனிதன் என்ன செய்வான்? சிலர் குடிப்பார்கள். நான் பிளாக் எழுதினேன்.

கனவு ஒன்றும் பெரிதில்லை. வீட்டில் சுவர் வெடித்தவர்கள் படிப்பார்கள், என்னைக் கூப்பிடுவார்கள், நான் எனக்கே மேஸ்திரி ஆவேன். கூடவே கலவை சுமக்கும் என் மனைவியும் ஒப்புக்கொண்டாள்.

“சொந்தமா ஒரே ஒரு வேலை புடிச்சுக் காட்டுங்க. நானும் வந்துடறேன். இல்லன்னா அந்தப் போனைத் தூக்கி ஓரமா வெச்சிட்டு அண்ணன்கிட்டயே கெடங்க.”

பிளாக் பக்கம் ஒரு ஈ காக்கை கூட வரவில்லை. வருகைக் கணக்கு எப்போதாவது ஏறும். திறந்து பார்த்தது நானேதான். அப்புறம்தான் பிளாக்குக்கு ஆள் சேர்க்க இணையத்தில் இலவசக் கருவிகள் இருப்பது தெரிந்தது. தூக்குக்குண்டு இல்லாமல் சுவர் எழுப்பினேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

எந்த வார்த்தையை ஜனங்கள் அதிகம் தேடுகிறார்கள் என்று ஒரு கருவி சொன்னது. ‘பூச்சு’ என்று போட்டேன், தேட நாதியில்லை. ‘விரிசல்’ என்று போட்டதும் வரைபடத்தில் கோடு கூரைக்குப் போயிற்று. இத்தனை வீடுகளில் சுவர் வெடித்திருக்கிறதே, இவ்வளவு மோசமாகவா வேலை பார்க்கிறான்கள் என்று சக கொத்தனார்களைத் திட்டிக்கொண்டே எழுத உட்கார்ந்தேன்.

இன்னொரு கருவி, படிக்கக் கடினமான வார்த்தைகளில் சிவப்புக் கோடு போடும். சிமெண்ட், உளி, கரணை, எல்லாம் சிவப்பு. எடுத்தேன். ‘சுவர்’ அளவுக்கு மேல் வருகிறது என்றது. அதையும் எடுத்தேன். மணல் சலிப்பவன் மணலைக் கொட்டிவிட்டுச் சல்லடையை வீட்டுக்குக் கொண்டுவந்த கதை. மிச்சமிருந்தது இதுதான்: “விரிசல் விழுந்தால் உடனே பூசி மறைக்காதீர்கள். திறந்து பாருங்கள். உள்ளே உள்ள அழுக்கை முதலில் வெளியே எடுங்கள். இரண்டு பக்கமும் ஈரம் வேண்டும். ஈரமில்லாமல் எதை அடைத்தாலும் நிற்காது.” கருவி பச்சை விளக்கு காட்டியது. படம் தேடித் தரும் கருவி, ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்த ஆணையும் பெண்ணையும் தந்தது. பாவம், வீடு வெடித்த கவலை என்று நினைத்து ஒட்டினேன்.

விடியும்போது கூட்டம் குவிந்திருந்தது. “கண்ணில் நீர் வந்தது” என்று ஒருவர். சிமெண்ட் தூசி பட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு பெண், விரிசல் பெரிதாகிக்கொண்டே போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டாள். குறுக்கே ஒரு காகிதம் ஒட்டுங்கள், கிழிந்தால் வளர்கிறது என்றேன்.

“சாப்பாட்டு மேசையில் ஒட்டினேன். அவர் படிக்காமலே கிழித்துவிட்டார்.”

“அப்படியானால் கோளாறு அஸ்திவாரத்தில்.”

“எங்கள் அம்மாவும் அதைத்தான் சொன்னார்.”

அவளுடைய அம்மாவும் கட்டட வேலை போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். புகழ் வந்தால் புத்தி நனைந்த சிமெண்ட் மூட்டை மாதிரி இறுகிவிடுகிறது.

அந்தப் பெண்ணே போன் செய்தாள். “எங்க வீட்டுக்கு நேர்ல வந்து பாக்க முடியுமா சார்?”

“விரிசல் எப்பலேர்ந்து?”

“கல்யாணமான புதுசுலேர்ந்தே. இப்ப ரெண்டு ரூமா பிரிஞ்சே போச்சு.”

வீடு இரண்டாகப் பிளந்திருக்கிறது! எவ்வளவு பெரிய வேலை! மச்சானிடம் போய் நெஞ்சை நிமிர்த்தி லீவு சொன்னேன்.

“சொந்த வேலையா மாப்ள? ராஜாவா போயிட்டு வாங்க. சாரத்துல உங்க எடத்தை யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன்” என்றார்.

நான் மட்டப்பலகையும் உளியும், மனைவி தலையில் கலவைச் சட்டியுமாகப் போய் இறங்கினோம். கூடத்தில் வழவழவென்று புதுப் பெயிண்ட். நான்கு சுவரையும் தட்டிப் பார்த்தேன். மணி போலக் கணீரென்றன. சோபாவின் ஒரு கோடியில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு முறைத்தார்.

“விரிசல் எங்கம்மா?”

அந்தம்மா சோபாவைக் காட்டினாள். “அதோ, உக்காந்திருக்கு.”

அவர் என் மட்டப்பலகையைப் பார்த்தார். “இதை வெச்சுத்தான் என்னை நேராக்கப் போறீங்களா?”

என் மனைவி சட்டியை டங்கென்று இறக்கினாள். “சுவருன்னு ஒரு வார்த்தை எழுதலையா நீங்க?”

“எழுதினேன். டூல் சிவப்புக் கோடு போட்டுச்சு…”

“அது கோடு போட்டா கேப்பீங்க. நான் சோறு போடுறேனே, நான் சொல்லி என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? எங்கண்ணன் முன்னாடி நான் எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டு நிப்பேன்?”

“உங்கண்ணன், உங்கண்ணன்! அவர்கிட்டேர்ந்து தப்பிக்கத்தானே இவ்வளவும்!”

சண்டை பிடித்துக்கொண்டது. பழைய பூச்செல்லாம் பெயர்ந்து விழுந்தது. அந்தம்மா என் மனைவிக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். அவள் கணவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டு, தன் மனைவி பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“நாம எவ்வளவோ பரவால்ல.”

அந்தம்மா சிரித்துவிட்டாள். எங்கள் விரிசலைப் பார்க்க அவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் மச்சான் சாரத்துக்குக் கீழே நின்று, “டாக்டரே, மேல ஏறுங்க” என்றார். ஏறினேன். என் மனைவி ஒரு வாய்ப்பு மட்டும் கொடுத்தாள்: தலைப்பில் முதல் வார்த்தையாக ‘சுவரில்’ என்று சேர்க்க வேண்டும், படத்தை எடுக்க வேண்டும். செய்தேன். பச்சை விளக்கு சிவப்பானது. கூட்டம் கலைந்தது. “நீங்களும் எங்களைக் கைவிட்டீர்களா?” என்று ஒருவர் மனமுடைந்து எழுதியிருந்தார்.

சில நாள் கழித்து, சாரத்தில் நிற்கும்போது போன் அடித்தது. கை முழுக்கக் கலவை. கீழே இருந்த மனைவி எடுத்து, மச்சானுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“சமையல்கட்டுல விரிசல்ங்க” என்றது ஒரு பெண் குரல்.

“சுவர்லதானே?” என்றாள் என் மனைவி.

“சுவர்லதான். மேலேர்ந்து கீழ வரைக்கும்.”

“வீட்டுக்காரர்கூட பேச்சு இருக்கா?”

“அவருக்கு எங்கங்க பேச நேரம்? சுவரைத் தாங்கிப் புடிச்சிட்டு நிக்கிறார்!”

என் மனைவி அண்ணனைப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எறங்குங்க” என்றாள்.